கினுயோ வீட்டு வாசலில் மட்டும்

கினுயோ வீட்டு வாசலில் இன்றைக்கும் இடுப்பளவுக்குப் பனிமேடு. பனி அகற்றும் வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போனது. வானத்திலிருந்து விழுந்த பனி என்றால் ஊதினால் பறக்கும். வண்டி தள்ளிய பனியோ இறுகிப்போய்ச் செங்கல் மாதிரி கிடக்கும். கஸாமா பனிவாரியை ஊன்றிக்கொண்டு, எதிரே இருந்த தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு கைப்பிடிகூட இல்லை.

"அந்த டிரைவருக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?" என்று முனகியபடி வெட்ட ஆரம்பித்தார்.

கினுயோவின் கணவர் இறந்த வருஷத்திலிருந்து இதுதான் அவருடைய குளிர்காலம். விடிந்ததும் முதலில் அவள் வாசல், அப்புறம்தான் தன் வாசல். வேலை முடிந்ததும் கினுயோ சூடான தேநீரும் உப்பில் ஊறிய கீரையும் கொண்டுவருவாள். இவர் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். "உள்ள வாங்களேன்" என்று அவளும் சொல்லாமல் இல்லை. மலைப்பாதையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே ஓய்வுபெற்ற மனுஷன், ஒரு ஜோடி பூட்ஸைக் கழற்றப் பயந்தார்.

இப்போது அந்தத் தேநீருக்கும் வேட்டு வைத்தாகிவிட்டது. யோகோஹாமாவில் இருக்கும் மகன் மசாதோ, அப்பாவுக்குத் தனி அறை தயார் செய்து ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். இடுப்பு வலியை வைத்துக்கொண்டு இந்த வயசில் பனி அள்ள வேண்டாமாம்.

"போன வாரமே வர்றேன்னீங்களேப்பா!" என்றான் தொலைபேசியில்.

"வாசல் ஒழுங்காகட்டும்டா, வந்துடறேன்."

"நம்ம வாசல் சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க?"

"நம்ம வாசல் இல்லடா. எதிர்வீட்டு வாசல்."

"எதிர்வீட்டு வாசலுக்கும் உங்க ரயிலுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"உனக்குப் புரியாது. போனை வை."

அவருக்கே எவ்வளவு புரிந்திருந்தது என்பது வேறு விஷயம். இந்த மேட்டை அவள் ஒண்டியாக வெட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேடு விழாமல் ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் நிம்மதியாக ரயில் ஏறலாம். இத்தனை வருஷமாக எல்லார் வாசலிலும் ஒரே மாதிரி விழுந்த சனியன், டிக்கெட் எடுத்த நேரம் பார்த்து இவள் வாசலாகத் தேடிப்பிடித்து விழுகிறது!

மறுநாள் விடியலில் வண்டியை மறித்தார். மேலேயிருந்து சயாக்கா எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு அவர் பஸ்ஸில் போனவள், இப்போது இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறாள்.

"ஏம்மா சயாக்கா, இந்த ஒரு வாசலைப் பாத்துப் போகக் கூடாதா? வயசானவங்க தனியா இருக்காங்க."

"அதுக்கென்ன பெரியப்பா, நல்லாவே பாத்துக்கறேன்."

நல்லாவேதான் பார்த்துக்கொண்டாள். அடுத்த நாள் மேடு நெஞ்சளவு.

வெறுங்கையோடு போய்க் கேட்டது தப்பு என்று தோன்றியது. கூரையடியில் தொங்கவிட்டுக் காயவைத்திருந்த பெர்சிமன் பழங்களில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் கொட்டகைக்கே போனார். சயாக்கா இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே ஒன்றைக் கடித்தாள்.

"தேன் பெரியப்பா, தேன்!"

"அப்போ அந்த வாசல்..."

"அதைச் சொல்லணுமா? எனக்கு ஞாபகம் இருக்கு."

அடுத்த நாள் மேடு அவர் தலைக்கு மேலே.

"திங்கறதையும் தின்னுட்டு வேலையைக் காட்டறா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். காலையில் வந்து பார்த்தால் மூங்கிலைக் காணோம். மேட்டின் உச்சியில் சிவப்புத் துணி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கினுயோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "விடுங்க கஸாமா சான், இடுப்பு என்னத்துக்கு ஆகும்? டீ ஆறுது."

வாசற்படியில் நின்று வாங்கிக்கொண்டார். "நான் போனப்புறம் எப்படிச் சமாளிப்பீங்க?"

"எனக்கென்ன, நான் பாத்துக்குவேன். யோகோஹாமால பனியே விழாதாமே? குடுத்து வச்சவரு நீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டுவிட்டது. நான் போவதில் இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையா? கீரையைக்கூடத் தொடாமல் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. காது மடல் விறைத்துப்போகும் குளிரில், நடுத்தெருவில் பனிவாரியோடு வண்டிக்கு எதிரே போய் நின்றார் கஸாமா.

"ஏத்து! என் மேலயே ஏத்திட்டுப் போ!"

"காலங்காத்தால என்ன பெரியப்பா இது?"

"மத்தியானம் எனக்கு ரயில். இனிமே இந்த வாசல்ல ஒரு பிடி பனி விழாதுன்னு வாக்குக் குடு. அப்பத்தான் வழி விடுவேன்."

"அது மட்டும் முடியாது."

"ஏன் முடியாது? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? மழைன்னும் பனின்னும் பாக்காம உன்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டவன்தானே?" பனிவாரியால் கினுயோ வாசலைக் காட்டினார். "தனியா அவ என்ன பண்ணுவா, சொல்லு? அவளை இப்படி விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. புரியுதா உனக்கு? மனசு வரலை!"

இதை வாய்விட்டுச் சொல்வது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதுவும் நடுத்தெருவில், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சயாக்கா இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"எப்படி பெரியப்பா வாக்குக் குடுப்பேன்? 'வாசல்ல மேடு இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் ரயில் ஏற மாட்டாரு, நல்லாப் பெருசாவே தள்ளிட்டுப் போம்மா'ன்னு கினுயோ அம்மா எங்கிட்ட முன்னாடியே வாக்கு வாங்கிட்டாங்களே!"