கேசரியில் ஆடிய வால்

பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வாசல் கதவு தேக்கா வேம்பா, கிணற்றில் தண்ணீர் உண்டா, பெண் காபி தம்ளரை எந்தக் கையால் நீட்டுகிறாள், எல்லாம். அண்ணாந்து மட்டும் பார்க்க மாட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு குடும்பம் இதற்கு விதிவிலக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை மேலே பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் நான்.

1996, தை மாதம், வெள்ளிக்கிழமை. (அம்மா இன்றைக்கும் ஞாயிறு என்பாள். ஞாயிறு என்றால் அப்பா எதற்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்? வெள்ளிதான்.)

நான் அப்போது பாளையங்கோட்டையில் விலங்கியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடப் பல்லி போட்டேன் என்பதே சரி. வீட்டுப் பல்லியை மல்லாக்கப் பிடித்துக் கீழே விட்டால், கண் இமைக்கும் நேரத்தில் (பல்லிக்கு இமை கிடையாது; நம் கண் இமைக்கும் நேரத்தில்) காற்றிலேயே புரண்டு நாலு காலில் வந்து இறங்கும். எந்த நரம்பு, எந்தத் தசை இந்த வித்தையைச் செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் இடம் இல்லாததால் தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடமே ஆராய்ச்சிக்கூடம். ஒரு ஸ்டூல், ஒரு மெத்தை, ஒரு பெரிய கண்ணாடி பாட்டில் நிறையப் பல்லிகள். அடையாளத்துக்காக அக்காவின் நகப்பூச்சால் அவற்றின் முதுகில் நம்பர் போட்டிருந்தேன். ஏழாம் நம்பர் என் செல்லம். ஒரு தடவைகூட அது முதுகுபட விழுந்ததில்லை.

அக்கா செண்பகத்துக்கு அதுவரை வந்த இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் சொல்லவில்லை, ஆனால் அலமாரியில் இருந்த அவருடைய போட்டோ அவள் தலையணைக்கு அடியில் குடிபோனதை நான் பார்த்தேன். இந்த இடமும் தட்டிவிடக்கூடாதே என்று வீடே பதறியது. சுவர், கூரை எல்லாவற்றுக்கும் அம்மா புதுச் சுண்ணாம்பு அடித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“ஏலே, அந்தச் சவங்களை எங்கயாவது கொண்டு ஒளிச்சு வையி. வந்தவுக கண்ணுல பட்டுச்சு, உன்னையும் சேத்துப் பாட்டில்ல அடைச்சிருவேன்.”

பாட்டிலைக் கூடத்துப் பரணில் ஏற்றி, வாயைத் துணியால் கட்டினேன். (கட்டினேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்.)

அம்பாசமுத்திரத்திலிருந்து மாப்பிள்ளை சங்கரன், அவருடைய அப்பா, அத்தை மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாட்சி இல்லாமல் மழை பெய்ததைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். அவரை நான் மாமா என்று அழைக்க ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பல்லியின் பாதம் கண்ணாடியில் ஒட்டும், மரத்தில் ஒட்டும். பல லட்சம் வருஷங்களாகத் தேர்ந்த பாதம் அது. அம்மாவின் சுண்ணாம்புக்கு மட்டும் அது இன்னும் பழகியிருக்கவில்லை. அக்கா காபித் தட்டோடு கூடத்துக்குள் கால் வைத்த நேரம், மேலிருந்து கொஞ்சம் வெள்ளைப் பொடியும், அதைத் தொடர்ந்து ஏழாம் நம்பரும், மாமாவின் வழுக்கைத் தலையில் வந்து இறங்கின.

அத்தை கையிலிருந்த விசிறியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். அடியில் பெரும்பகுதி மாமாவுக்கு. பல்லி அவர் தோள் வழியாகத் தரைக்கு ஓடியது. வால் மட்டும் அறுந்து மாப்பிள்ளையின் கேசரியில் விழுந்து ஆடத் தொடங்கியது. நெளிந்தது, துள்ளியது, முந்திரிப் பருப்பைத் தட்டுக்கு வெளியே தள்ளியது.

எல்லோரும் அலறினார்கள். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை.

“பயப்படாதீங்க மாமா! மூளை சொல்லணும்னே இல்ல. வாலுக்குள்ள இருக்க நரம்பே தனியா ஆட்டுது. இன்னும் கொஞ்ச நேரம் ஆடும், பாருங்க!”

அத்தை வேறொன்றைப் பார்த்துவிட்டாள். “ஏ அண்ணாச்சி, முதுகுல நம்பரு போட்டிருக்கு! இவுக பல்லியை வளக்குதாக!”

மாமா எழுந்துவிட்டார். “தலையில பல்லி விழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கு.” பிறகு என் அப்பாவிடம், “தப்பா எடுத்துக்கிடாதீக அண்ணாச்சி. நாங்க கிளம்புதோம்,” என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. நான் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தேன்.

“மாமா, அது உங்க தலையில விழலை. தோள்ல விழுந்து, அப்புறந்தான் தலைக்கு ஏறுச்சு. அதே பஞ்சாங்கத்துல தோள்னா வெற்றி. பல்லி காத்துல புரண்டு எப்படி இறங்கும்னு நிரூபிச்சே காட்டுதேன்.”

“லே, போதும்,” என்றார் அப்பா. அதற்குள் நான் ஏழாம் நம்பரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறியிருந்தேன். ஸ்டூலுக்கு முன்னால் போட்ட நாற்காலியில் மாமா உட்கார மறுத்துவிட்டார். அதுவரை கேசரியையே வெறித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருமுறை அக்காவைப் பார்த்தார். வந்து அதில் உட்கார்ந்தார்.

“என் தோள்ல போடுங்க. பையப் போடுங்க.”

மல்லாக்கப் பிடித்து விட்டேன். ஏழாம் நம்பர் புரளவில்லை. நாலு காலும் மேலே பார்க்க, முதுகு அடிபட, அவருடைய வலது தோளில் தொப்பென்று விழுந்தது.

“ஐயோ, புரளலையே!” என்று நான் ஸ்டூல் மேலேயே தலையில் கை வைத்துக்கொண்டேன். வீட்டில் எழவு விழுந்தால்கூட நான் அப்படிக் கத்தியிருக்க மாட்டேன் என்று அம்மா சொல்வாள்.

“தோளுக்கு நேராப் போட்டா தோள்லதாம்லே விழும்,” என்றார் மாமா. “முதல்ல விழுந்தது என் தலையிலதான?”

மாப்பிள்ளை தோளில் கிடந்ததைத் தட்டிவிடவில்லை. “அப்பா, ஒருத்தரு ரெண்டு உயில் எழுதி வச்சா எது செல்லும்?”

“பிந்தினதுதான்,” என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

“பிந்தின பல்லி என் தோள்லல்லா விழுந்திருக்கு?”

காபித் தட்டுப் பக்கமிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா மகனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். துண்டால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“காபி ஆறிப்போயிருக்குமே. வேற உண்டா?”

அந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஏழாம் நம்பரை நான் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதி ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். விழுகிற பல்லி வாலைச் சுழற்றித்தான் காற்றில் புரளுகிறதாம். வால் இல்லாவிட்டால் தடுமாறுமாம். வெளிநாட்டில் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதையே நான் தச்சநல்லூரில் மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் செய்து காட்டினேன். பல்லி தோளில் மல்லாந்து கிடந்தது, வால் கேசரியில் கிடந்தது. நான் ஸ்டூலில் நின்று இரண்டையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அன்றே அத்தானுக்குப் போன் செய்து புலம்பினேன். “கவலைப்படாத மாப்ள,” என்றார். “எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் சாட்சி சொல்ல வாரேன். தோள் என்னுதுதான?”

ஒவ்வொரு தை மாதமும் நான் அம்பாசமுத்திரம் போனால் அக்கா கேசரி கிண்டுவாள். என் தட்டில் மட்டும் மேலாக ஒற்றைச் சேமியா இழை வளைந்து கிடக்கும். பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கும்.

“தின்னுலே,” என்பாள் அக்கா. “இது ஆடாது.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் தின்கிறேன்.