ஒருவேளை சாரின் பன்னிரண்டு ஸ்வெட்டர்கள்

கவலைப்படுவதற்கென்று ஒரு உத்தியோகம் இருந்து, அதற்கு ஆள் எடுத்தால், சிட்லபாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருந்த ஒருவேளை சாரைத் தவிர வேறு யாரும் இன்டர்வியூவுக்குப் போவது வீண். அவருடைய சொந்தப் பெயர் அசோசியேஷன் செயலாளருக்குத் தெரியும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அவர் ஒருவேளை சார்தான். எந்தப் பேச்சையும் அவர் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார்.

“ஒருவேளை லிஃப்ட் பாதியில நின்னுட்டா?” என்று சொல்லிப் படிக்கட்டுக்கு வருவார். “ஒருவேளை வழுக்கிட்டா?” என்று படிக்கட்டிலேயே நின்றுவிடுவார். மழை பெய்தால் ஏரி உடைந்துவிடும் என்று கவலை. பெய்யாவிட்டால் போர்வெல் வற்றிவிடும் என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு எதையோ மறந்துவிட்டோம் என்று கவலை.

ரயில்வே சிக்னலில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் இருந்த இடங்களில் அவ்வளவு காலமும் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. அதற்குத் தன் கவலைதான் காரணம் என்று உறுதியாக நம்பினார். ஓய்வு பெற்றதும், ஆயிரக்கணக்கான பயணிகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த அந்தக் கவலை மொத்தமும், எட்டே வீடு உள்ள எங்கள் கட்டடத்தின் மேல் இறங்கியது. அவர் கீழ் வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் மேலிருந்து, “தம்பி, கேஸ மூடிட்டீங்களா?” என்பார். நான் மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டு, மூடினேனா இல்லையா என்று வியர்த்துக் கொண்டிருப்பேன்.

ஒரு டாக்டர் அவரிடம், “கைக்கு ஏதாவது வேலை குடுங்க சார், மனசு அடங்கும்” என்றாராம். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பும் எடுத்தவர். பீரோவில் பின்னல் ஊசிகளும் கம்பளி நூல் உருண்டைகளும் கிடந்தன. சார் ஒரே மாதத்தில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். மனசு அடங்கவில்லை. ஆனால் சென்னை வெயிலில், யாருக்கும் தேவைப்படாத ஸ்வெட்டர்கள் வந்துகொண்டே இருந்தன. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பின்னுவார். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால், பையிலிருந்து ஊசி எட்டிப் பார்க்கும். டீச்சர் அவர் தொடையில் கிள்ளுவார்.

இந்த மனிதருக்கு மனைவியாக வாய்த்த டீச்சருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மலைக்குப் போக வேண்டும், பனி பார்க்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் கொடைக்கானல் மூன்று முறை, ஊட்டி இரண்டு முறை, ஏலகிரி ஒரு முறை கேன்சல் ஆகியிருந்தது. மண் சரியலாம், பிரேக் பிடிக்காமல் போகலாம், குரங்கு கடிக்கலாம். ஏலகிரியைக் கேன்சல் செய்ததற்கு மட்டும் காரணமே சொல்லவில்லை, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றார்.

போன வருடம் குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தது. எங்கள் கட்டடத்தில் பதினொரு பேர் ஒரு வேன் பிடித்து ஏற்காடு போவது என்று முடிவானது. மீட்டிங்கில் டீச்சர் எழுந்து நின்று, வகுப்பில் பேசுவது போலச் சொன்னார்: “இந்தத் தடவை இவர் வந்தாலும் வரலன்னாலும் நான் போறேன்.”

எல்லோரும் சாரைப் பார்த்தோம். அவர் ஊசியை நிறுத்தாமல், “போலாம். ஆனா ஒருவேளை குளிர் தாங்கலன்னா? எல்லாருக்கும் நானே ஸ்வெட்டர் போட்டுத் தரேன். பதினொண்ணு. டிரைவருக்கு ஒண்ணு. பன்னெண்டும் முடிஞ்சா கிளம்பலாம்” என்றார்.

“டிரைவருக்கு எதுக்கு சார்?” என்றேன்.

“கை வெறச்சுப் போச்சுன்னா ஸ்டியரிங்க யாரு பிடிக்கிறது, நீங்களா?”

அப்போது நவம்பர் கடைசி. கையில் எட்டு வாரம் இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து டிரைவர் செல்வத்தை வரவழைத்து, அளவெடுக்க நிற்க வைத்தார். ஐம்பது வயதுக்காரர், மீசையை முறுக்கிக்கொண்டு, “இன்னா சார், எனுக்கு மாப்ள ட்ரெஸ்ஸா?” என்று கேட்டார்.

சாரின் பின்னலில் ஒரு பிரச்சினை இருந்தது. கவலை ஏறினால் நூல் இறுகும். என் ஸ்வெட்டரின் வலது கையை அவர் பின்னிய வாரம் வங்கக்கடலில் புயல் சின்னம். டிவியை வைத்துக்கொண்டே பின்னியிருக்கிறார். இடது கை பின்னும்போது புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. வலது கையில் என் மணிக்கட்டை நுழைப்பதே பெரும்பாடு. இடது கையில் என் தொடையே நுழையும்.

அதைவிடப் பெரிய சோதனை, பரீட்சித்துப் பார்ப்பது. சிட்லபாக்கத்தில் குளிருக்கு எங்கே போவது? என் ஆபீஸ் நாவலூரில். அங்கே ஏசி பதினெட்டு டிகிரி என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஏற்காடும் அவ்ளோதான் தம்பி!” சாரின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான். மறுநாளிலிருந்து அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் நான் ஆபீஸில் உட்கார வேண்டும். கூடவே ஒரு நோட்டு. மணிக்கு ஒரு தடவை எங்கே குளிர்கிறது, எங்கே இறுக்குகிறது என்று எழுத வேண்டும். ஆபீஸில், “மச்சான், கை ஏன் ஒண்ணு சின்னதா கீது? பொறந்ததுலேந்தேவா?” என்று ஒருவன் கேட்டான்.

முதல் நாளே நோட்டில் நேர்மையாக, ‘வலது கை இறுக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே சார் மொத்த ஸ்வெட்டரையும் பிரித்துவிட்டார். பிரித்த கையோடு, ஒருவேளை மற்றவர்களுக்கும் இறுக்குமோ என்று இன்னும் இரண்டைப் பிரித்தார்.

மறுநாள் காலை டீச்சர் என்னைப் பைக் நிறுத்தும் இடத்தில் மடக்கினார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, ஏழு முடிச்சிருந்தார். இப்ப நாலுதான். இனிமே நீங்க எதுவும் குறை எழுதாதீங்க. அருமை, அருமைன்னு மட்டும் எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

எழுதினேன். திரும்பப் பின்னித் தந்ததிலும் வலது கை இறுக்கம்தான். ரத்தம் ஓடாமல் விரல்கள் மரத்துப்போன நிலையில், ‘அருமை. இதமாக உள்ளது’ என்று இடது கையால் எழுதினேன். பொங்கல் வந்தது, எட்டு. பொங்கல் போனது, ஒன்பது. கட்டடத்தில் யாரும் சாருக்குக் கவலை தரும் எதையும் பேசக்கூடாது என்று ஏற்பாடு. பேப்பரை முதலில் நாங்கள் படித்துவிட்டுத்தான் மாடிக்கு அனுப்புவோம். மோட்டார் பழுதானதைக்கூட மறைத்து, இரண்டு நாள் குடத்தில் தண்ணீர் தூக்கினோம். அவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் எட்டு வீடும் கவலைப்பட்டு இளைத்துப்போனோம். கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் டீச்சர் ஜன்னலிலிருந்து கைவிரல்களைக் காட்டினார். பத்து, அப்புறம் இரண்டு. கீழே ஒருவர் விசில் அடித்தார்.

காலை ஆறு மணிக்கு வேன் வாசலில் நின்றது. சார் பெரிய பையோடு கீழே வந்து, பேர் வாசித்து ஸ்வெட்டர் கொடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. செல்வத்துக்குப் பச்சை. எனக்குக் காவி, வலது கை பழையபடி. டீச்சருக்கு ரோஸ் நிறத்தில், நெஞ்சில் பூ வைத்த ஒன்று. பைக்குள் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதுவும் ரோஸ், அதிலும் பூ. அட்டையில் ‘ஸ்டெல்லா’ என்று இருந்தது.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு எதுக்கு ரெண்டு?”

“ஒருவேளை ஒண்ணு நனைஞ்சிட்டா?”

“அப்ப உங்களுது?”

சார் வேன் டயரைப் பார்த்தார். எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பன்னிரண்டும் முடிந்திருந்தது. அவருக்கென்று ஒன்று அதில் இல்லை. தான் வரப்போவதில்லை என்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும்.

டீச்சர் கோபப்படவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, கேட் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். “நீங்கள்லாம் போய்ட்டு வாங்க” என்றார்.

“நீ போவேன்னுதானே சொன்ன?” என்றார் சார்.

“சொன்னேன். முப்பத்தோரு வருஷமா நீங்களுந்தான் போலாம் போலாம்னு சொல்றீங்க.”

“அதில்ல ஸ்டெல்லா. ஒருவேளை எனக்கு அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா... உன் டிரிப் கெட்டுப் போயிடுமே. நீ ஆசைப்பட்டு...”

“கெட்டா கெடட்டும். சேர்ந்தே கெடுத்துக்கலாம்.”

செல்வம்தான் தொண்டையைக் கனைத்து, “சார், ஜிஎஸ்டி ரோட்ல டிராபிக் ஏறிக்கினே போவுது. பேஜாராயிடும் சார். அந்த ரோஸ மாட்டிகினு ஏறு சார்” என்றார்.

“அது லேடீஸ் சைஸ்பா.”

“ஏற்காட்ல உன்ன யாரு சார் பொண்ணு பாக்க வரப் போறா?”

டீச்சர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான். ஒருவேளை சார், மனைவி அளவில் பின்னிய ரோஸ் ஸ்வெட்டரைத் தலை வழியாக இழுத்து மாட்டினார். வயிறு பாதிதான் மூடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வேனில் ஏறினார். சேலம் வரை அவர் திறந்த மாதிரி எனக்கு ஞாபகமில்லை. மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் நம்பர் சொல்லி அவருக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவித்த நான் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

ஏற்காட்டில் பளீரென்று வெயில். எங்கள் ஊரைப் போலவே இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்ற ஒருவருக்கும் மனசு வரவில்லை. பன்னிரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டு ஏரியைச் சுற்றினோம். ஐஸ்கிரீம் விற்பவர் எங்களைப் பார்த்து, ஏதோ பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டார்.

நாலரை மணிக்குக் காட்சி முனைக்குப் போனோம். அப்போதுதான் கீழே பள்ளத்திலிருந்து பனி எழும்பி வந்தது. டீச்சர் கம்பித் தடுப்புவரை போய், அதன்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். “என்னங்க, இங்க பாருங்களேன்! மேகம் நமக்குக் கீழ இருக்கு!” என்று சின்னப் பெண் மாதிரி கத்தினார்.

சார் மேகத்தைப் பார்க்கவில்லை. மலையையும் பார்க்கவில்லை. டீச்சருக்குப் பின்னால் நின்று, அவருடைய ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அது தெரியாது. அந்தப் பனியிலும் சாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. டீச்சர் போதும் போதும் என்று பார்த்து முடிக்கும்வரை, இருபது நிமிடம் இருக்கும், அவர் அந்தப் பிடியை விடவே இல்லை.

அவர் ஒரு பக்கம்தான் பிடித்திருந்தார். நான் போய் டீச்சரின் இன்னொரு பக்கத்தில் நின்றுகொண்டேன்.