செவலையின் குறைகள்

"இந்தக் கன்னு உதைக்கும் முதலாளி. தள்ளி நில்லுங்க," என்றான் புனிதன்.

நூருல் அமீன் நகரவில்லை. உலு யாமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இறைச்சிக்கு வளர்ந்த கன்று தேடி, புனிதன் இருக்கும் அசாம் ஜாவா ஊர் வரைக்கும் லோரியோடு வந்திருந்தார்.

"உதைக்கட்டும் தம்பி. உடம்புல தெம்பு இருக்குன்னு அர்த்தம்."

ஆலை வேலை போன பிறகு, கன்றுகளை வாங்கிச் செம்பனை மரங்களுக்கு அடியில் மேய்த்து, தேற்றி விற்பதுதான் புனிதனின் பிழைப்பு. மற்றவற்றையெல்லாம் சிரித்த முகத்தோடுதான் விற்றான். இந்தச் செவலை மட்டும் வேறு. கழிச்சல் கண்டு சாகக் கிடந்ததை மடியில் போட்டு, புட்டிப்பால் ஊட்டிப் பிழைக்க வைத்திருந்தான். இப்போதும் அவன் குரல் கேட்டால் ஓடிவந்து சட்டைக் காலரைச் சப்பும். இதை மனைவியிடம் சொல்லக்கூட வெட்கம். கன்று விற்கிறவன் கன்றுக்காகக் கண் கலங்கினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

"தீனி ரொம்பத் திங்கும் முதலாளி."

"திங்கிற கன்னுதான் சீக்கிரம் தேறும்."

"ஒரு கண்ணு சரியாத் தெரியாது."

"இருக்கட்டும். அது என்ன பேப்பரா படிக்கப் போவுது?"

"வந்து... வேற ஒருத்தருக்குப் பேசிட்டேன்."

"அவரு சொன்னதுக்கு மேல நான் தர்றேன்லா."

காப்பி கொண்டுவந்த மனைவி மாலா அங்கேயே நின்றுவிட்டாள். "யாருக்குப் பேசுனீங்க? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"அது... கோயிலுக்கு நேந்துவிட்டது."

"எந்தக் கோயிலுக்கு?"

அவன் அவசரமாகச் செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"வர்ற ஆளையெல்லாம் இவரு இப்படித்தான் வெரட்டுறாரு. நீங்க ஏத்துங்க முதலாளி," என்றாள் மாலா.

நூருல் அமீன் செவலையின் நெற்றியைத் தடவினார். "இத்தனை கொறையோட இருக்கிறத வேற யாரு வாங்குவா? நானே எடுத்துக்கிறேன்."

லோரியில் ஏற மறுத்துச் செவலை முன்காலை ஊன்றிக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், அசையவில்லை. கடைசியில் புனிதனே லோரிக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறி மேலே போனான். அது பேசாமல் அவன் பின்னாலேயே ஏறி வந்தது. நம்பித்தானே வருகிறது!

"தனியா வந்தா மெரளும். நானும் வர்றேன்," என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வழி நெடுக அது அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது. உலு யாமில் நூருல் அமீன் வீட்டு வாசலில் லோரி நின்றதும் புனிதன் குதித்து இறங்கினான்.

"முதலாளி, மன்னிச்சிருங்க. இது உதைக்காது. கண்ணும் நல்லாத் தெரியும். கோயிலுக்கும் நேந்துவிடல. நான் சொன்னதெல்லாம் பொய். விக்க எனக்கு மனசு வரல."

நூருல் அமீன் மாட்டிக்கொண்டவர்போல வீட்டுப் பக்கம் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி சபுரா கரண்டியோடு வந்தாள். லோரியைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"இன்னொன்னா? கொல்லையில நிக்கிற கன்னுங்கள்ல ஒன்னையாவது இதுவரைக்கும் அறுக்க விட்டீங்களா? கடைக்கு இன்னிக்கும் ஐஸ்ல வெச்ச இறைச்சிதான் வந்து எறங்கியிருக்கு!"