பாம்பருகே தங்களை விட்டுவந்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் கால்களின் நலத்தையும், அறிய ஆவல். மேலே முதலில் ‘சம்பந்தி’ என்று எழுதியிருந்தேன். பிறகு வேறு தாள் எடுத்து ‘டாக்டர்’ என்று எழுதினேன். இரண்டில் எது பொருந்தும் என்பது இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

நேற்று மாலை, நீண்ட யோசனைக்குப் பிறகு, வீட்டில் எவரோடும் கலந்தாலோசிக்காமல், பஞ்சு வைத்துத் தைத்த என் சைக்கிள் கால்சட்டையை அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இனி அது இறங்காது. இந்த முடிவு என் மனைவிக்கே இன்னும் தெரியாது. முதலில் தெரியப்படுத்த வேண்டியவர் தாங்கள்தான் என்று கருதுகிறேன்.

கால்சட்டையோடு ஒரு பொய்யையும் பரணில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தங்கள் மகனுக்கு என் மகளைப் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தாங்களே ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்தினீர்கள். தாங்கள் பல் மருத்துவர். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே காலமெல்லாம் பேசிப் பழகியவர். எதிராளி பதில் சொல்லக்கூடும் என்று தாங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்டவர் நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது எனக்குப் பெரிய நெருக்கடியாகிவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். எதையாவது சொல்லித் தொலையுங்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். “உடம்புக்கு என்ன பண்றீங்க?” என்று கேட்டீர்கள். “சைக்கிள்” என்றேன். தபால் ஆபீசுக்குச் சைக்கிளில் போனதுண்டு, ஆகவே இதுவரை பொய் இல்லை. “மலைப்பாதையிலயா?” என்று கேட்டபோதுதான், “அதுலதான் அதிகம்” என்றேன். ‘அதிகம்’ என்ற சொல்லை எதற்காகச் சேர்த்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தாங்கள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். சமையலறை வாசலில் என் மகள் தலையில் அடித்துக்கொண்டதைத் தாங்கள் பார்த்திருக்க முடியாது. தங்கள் முதுகு அந்தப் பக்கம் இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தங்களுக்கும் தெரியும். ஆனால் தாங்கள் பார்த்தது வேறு, நடந்தது வேறு. சென்ற ஞாயிறு அதிகாலையில் தங்கள் காரின் பின்னால் இரண்டு சைக்கிள்களையும் கட்டிக்கொண்டு காட்டு வாசலுக்குப் போய் இறங்கினோமே, அப்போது என் சைக்கிளின் சக்கரத்தில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. “புதுசா?” என்று கேட்டீர்கள். “பழசு தேஞ்சு போச்சு” என்றேன். ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஆவியே படியாது என்று உறுதியளித்து ஊருக்கெல்லாம் நான் விற்கிற கண்ணாடி அது. தங்களுக்கும் ஒன்று விற்றிருக்கிறேன். அதற்கும் சேர்த்து இங்கேயே வருத்தம் தெரிவித்துவிடுகிறேன். வேறு வழியின்றிக் கழற்றிப் பையில் போட்டேன். அதிலிருந்து காட்டில் பாம்புகளின் எண்ணிக்கை திடீரென்று பெருகியது. ஒவ்வொரு வளைவிலும் “டாக்டர், பாம்பு!” என்று கத்தினேன். ஒவ்வொரு முறையும் தாங்கள் சைக்கிளை நிறுத்தி, இறங்கி நடந்து வந்து, “வேர், சம்பந்தி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் ஏறிக்கொண்டீர்கள். ஒருமுறை அது வேர்கூட இல்லை, தங்கள் பையிலிருந்து தொங்கிய தண்ணீர்க் குழாய். பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பை மட்டும் நான் பாம்பு என்று சொல்லவில்லை. அதை யாரோ விட்டுப்போன பை என்று நினைத்து எடுத்துக் கொடுக்கப் போனேன்.

தாங்கள் கோபப்படவில்லை. பொறுமையாக விதியைச் சொல்லிக் கொடுத்தீர்கள். “பாம்பைப் பார்த்தா மணி அடிக்காதீங்க, கத்தாதீங்க. இறங்கி, அதுக்கும் உங்களுக்கும் நடுவுல சைக்கிளை நிறுத்தி, அசையாம நில்லுங்க. அது பாட்டுக்குப் போயிடும். நாமதான் அது வீட்டுக்கு வந்திருக்கோம்.” இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். தேர்வுக்குப் படித்ததைத் தேர்வில் எழுத முடியாமல் போவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள குறை.

மேட்டுக்கு மேலே அந்த வளைவில் பாதையின் குறுக்கே அது கிடந்தபோது நான் கத்தவில்லை. அத்தனை வேர்களுக்குப் பிறகு எனக்கும் சொரணை என்று ஒன்று இருக்கிறதல்லவா? தங்கள்முன் ஒருமுறையாவது அனுபவசாலியாகத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அதன் பக்கத்திலேயே காலை ஊன்றி நின்று, “இந்த வேர் நல்லா தடியா இருக்கு பாருங்க டாக்டர், எனக்கு இப்ப கண்ணு பழகிடுச்சு” என்றேன். வேர் தலையைத் தூக்கியது.

தாங்கள் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, ஏதோ பழைய நோயாளியைப் பார்த்ததுபோல் முகம் மலர, குனிந்தபடி வந்தீர்கள். “அசையாதீங்க சம்பந்தி. என்ன அழகு பாருங்க” என்றீர்கள். அடுத்து நடந்ததைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். தாங்கள் சொல்லிக் கொடுத்த விதியை நான் மீறவே இல்லை. எனக்கும் பாம்புக்கும் நடுவில் ஒரு சைக்கிள் இருந்தது, அது என்னுடையது. அதை அங்கேயே விட்டேன். எனக்கும் பாம்புக்கும் நடுவில் தாங்களும் இருந்தீர்கள். தங்களையும் அங்கேயே விட்டேன். பின்னால் இன்னொரு சைக்கிள் கிடந்தது. அது யாருடையது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஏறி உட்கார்ந்த பிறகு, பெரியவர் ஒருவரிடம் சொல்லாமல் கிளம்புவது மரியாதையல்ல என்று பட்டதால், “நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க டாக்டர், அவசரமே இல்ல!” என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். இதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் சைக்கிள் மிக நல்ல சைக்கிள். ஆனால் அதில் பிரேக் என்று நினைத்து நான் அமுக்கியது இருக்கையைக் கீழே இறக்கும் பொத்தானாம். முழங்கால் காதில் இடிக்க, சரிவில் பறந்தேன். வழியில் ஒரு காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு வரிசையாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. விதிப்படி இங்கே மணி அடிக்கலாமா கூடாதா என்பதைத் தாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அடித்தேன். அது நின்று என்னைப் பார்த்தது. நான் பாதையை விட்டு இறங்கி ஒரு குட்டைக்குள் போனேன். தங்கள் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு மேலேதான் விழுந்தது. கீழே காட்டு வாசலில் ஒரு குரங்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது, அது வாயைத் திறப்பதற்குள்ளாகவே நம் இருவர் பங்கு ரொட்டியையும் எடுத்து நீட்டிவிட்டேன். கேட்காமலே கொடுத்த என்னை அது நெடுநேரம் சந்தேகத்தோடு பார்த்தது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் தாங்கள் நடந்து வந்தீர்கள். சட்டை கிழிந்திருந்தது. தலைமுடியில் இலைகள். பக்கத்தில் வனக்காவலர். காரை எடுத்தீர்கள். வழிநெடுக முன் கண்ணாடியையே பார்த்தீர்கள். என்னையும் தங்கள் சைக்கிளையும் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்தான். இன்று நான்காம் நாள். தங்கள் வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. இந்த வாரம் கல்யாணத் தேதி சொல்வதாக இருந்தது.

வீட்டில் நான் உதவி தேடி வந்ததாகத்தான் முதலில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. “உதவி தேடிப் போறவர் எதுக்குங்க ரெண்டு பேரு சாப்பாட்டையும் எடுத்துட்டுப் போனீங்க?” என்றாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நிஜமாச் சொல்லுங்க. அவரைப் பாம்புகிட்ட விட்டுட்டு வந்தீங்களா?”

“விட்டுட்டு வரலம்மா. அவரு ரசிச்சிட்டு இருந்தாரு. தொந்தரவு பண்ண வேணாம்னு…”

“சம்பந்தம் வேணாம்னா வாயால சொல்லலாம்ப்பா. இப்படி ஒரு வழி இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தோணும்.”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. டாக்டர், இவள் சிறுவயதில்கூடப் பொம்மை வேண்டும், சட்டை வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றவள் அல்ல. கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். வாழ்க்கையில் இது வேண்டும் என்று அவளாக வாய்விட்டுக் கேட்டது தங்கள் மகனை மட்டும்தான். அதையும் நான் ஒரு வளைவில் போட்டுவிட்டு வந்துவிட்டேனோ என்று இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. கடையிலும் வேலை ஓடவில்லை. நேற்று ஒருவருக்குக் கண் பரிசோதிக்கும்போது பலகையில் இருந்த எழுத்துகளை நானே வாசித்துக் காட்டிவிட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கோழை நான்தான், என் மகள் அல்ல. அவள் தன் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். என் மனைவி அந்த இடத்தில் இருந்திருந்தால், எங்கே கிளம்பினாய் என்று பாம்பிடமே கேட்டிருப்பாள். தங்களைத் தனியே விட்டு ஓடியவனைத் தாங்கள் மன்னிக்க வேண்டாம். கல்யாணத்தில் என்னை ஓர் ஓரமாக, செருப்புக் கழற்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள். தங்கள் சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கடையில் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பலாம். என் சைக்கிள் அங்கேயே கிடக்கட்டும். பாம்புக்கு இதற்குள் பழகியிருக்கும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் மகனுக்கு என் ஆசிகள். அவற்றை வாங்கிக்கொள்ளும் மனநிலையில் அவர் இருந்தால் மட்டும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாவதில் இன்னமும் ஆசையுள்ள
கண்ணாடிக் கடைக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். அவளும் தங்கள் மகனும் என் சைக்கிளை எடுத்துவர இன்று காலையிலேயே அந்த வளைவுக்குப் போயிருக்கிறார்கள். தங்கள் மகன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நான் கிளம்பியதும் பாம்பு தங்கள் பக்கம் திரும்பியதையும், தாங்கள் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டதையும், வனக்காவலர் ஏணி கொண்டுவந்து இறக்கியதையும், வெட்கத்தில் எங்களுக்குப் போன் செய்ய முடியாமல் நான்கு நாளாக எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருப்பதையும். எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பிள்ளைகள் இருவரும் இப்போது அதே மரத்தில் இருக்கிறார்கள். வனக்காவலருக்குச் சொல்லியாகிவிட்டது. கல்யாணம் அடுத்த மாதம் இருபதாம் தேதி.