எனக்குத்தான் வந்தாச்சே!

உலகத்தில் சின்னம்மை வந்தவர்கள் உண்டு, வராதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாலும் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது. சின்ன வயதில் ஒரு தடவை அம்மை வந்துபோனதை, ஏதோ பாடுபட்டுப் படித்து வாங்கிய பட்டம் மாதிரி ஆயுள் முழுக்கச் சுமந்து திரிகிற இனம். இந்த இனத்து ஆளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘வந்துபோனவர்’.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அலுவலகத்தில் ஒருவர் லீவு போட்டிருப்பார், என்னவென்று விசாரித்தால் அம்மை போட்டிருக்கிறது என்று தெரியவரும், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் அவரவர் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள், அவர் எழுதிய பேனாவை யாரும் தொடமாட்டார்கள், அவர் தண்ணீர் குடித்த டம்ளரை ஒரு அம்மாள் காகிதத்தில் சுற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கிப் போவார். அந்த நேரம் பார்த்து ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தக் காலி நாற்காலியில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்து, காலாட்டியபடி, அதே பேனாவை எடுத்துக் காது குடைவார். அவர்தான்.

“எனக்கு வந்தாச்சு” என்பார். யார் கேட்டார்கள்?

கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்லிவிட்டு நம்மை விசாரணை செய்வார். “உனக்கு வந்திருக்கா?” இல்லை என்று சொல்லிப் பாருங்கள், “அடப் பாவமே!” என்று ஒரு உச்சுக் கொட்டுவார் பாருங்கள், நமக்கே நம் மேல் இரக்கம் வந்துவிடும். ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொன்னால் இன்னும் மோசம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணினவனைப் பார்க்கிற பார்வை ஒன்று விழும். வந்துபோனவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் சந்தித்துவிட்டாலோ, சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பு காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே நமக்கு வேலை இல்லை.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர், கோபமே வராது, கண்ணாடிக்குக் கால் உடைந்து போனால் சிரித்துக்கொண்டே சும்மா மாட்டிக் கொடுப்பார். ஆனால் ஊரில் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் முதல் ஆளாகப் போய் நோயாளியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவார். “தள்ளிப் படுப்பா, எனக்கு வந்தாச்சு” என்று போர்வையில் பாதியை வாங்கிக் காலில் போட்டுக்கொள்வார். நெற்றியோரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்வார்.

இப்படி இருக்கையில், வெளியூரில் இருக்கும் அவர் மகள் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று செய்தி வந்தது. பெண் குழந்தை. ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த நேரம். மகளுக்கு லீவு கொஞ்சம்தான், போனால் அடுத்து எப்போது வருவாளோ தெரியாது. அத்தான் தலைகால் புரியாமல் திரிந்தார். தொட்டிலுக்குத் தானே பெயின்ட் அடித்தார். தலையணையை மடியில் வைத்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்துத் தூக்கிப் பழகினார். நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு வயலின் வாத்தியாருக்கு அம்மை போட்டது.

“குழந்தை வரப்போகுதுங்க. கொஞ்ச நாளைக்கு மாடிப்பக்கம் போகாம இருங்களேன்” என்றாள் அக்கா.

“எனக்குத்தான் வந்தாச்சே!”

“மறுபடியும் வந்துட்டா?”

“ஒரே பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட்டா எடுப்பாங்க? உனக்கு ஒண்ணும் தெரியல. மச்சான், நீ சொல்லேன் உங்க அக்காகிட்ட!”

நான் என்னத்தைச் சொல்ல? காப்பியைக் குடித்தேன். அவர் தினமும் மாடிக்குப் போய் வாத்தியாரோடு சீட்டாடிவிட்டு வந்தார். வாத்தியார் குணமாகி, மறுபடி வயலினை எடுத்து எங்கள் எல்லாரையும் வதைக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலையில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, அத்தான் முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன அத்தான் இது கோலம்?”

“கொசுடா. ராத்திரி பூரா கடிச்சுத் தொலைச்சிடுச்சு.”

கொசு கடித்தால் கொப்புளத்தில் நீர் கோத்துக்கொள்ளுமா? காது மடலில், உள்ளங்காலில், நாக்கில் எல்லாம் தேடித் தேடியா கடிக்கும்? மறுநாள் மகள் வருகிறாள்! அக்கா அவர் காலரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“சின்னம்மைதான்” என்றாராம் டாக்டர்.

“இருக்காது சார். எனக்குச் சின்ன வயசுலயே வந்தாச்சு.”

“பெரும்பாலும் ஒரு தடவைதாங்க வரும். அபூர்வமா ரெண்டாவது தடவையும் வர்றது உண்டு. வந்த அம்மை முழுசாப் போறதும் கிடையாது, நரம்புக்குள்ள சத்தமில்லாமப் படுத்துக் கிடக்கும், வயசான பிறகு சில பேருக்கு அக்கியா எழுந்து வரும். அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல வந்தது சின்னம்மைதான்னு உங்களுக்கு யார் சொன்னது?”

யார் சொன்னது! இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தன் அண்ணனுக்குப் போன் போட்டார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று அக்கா காதிலும் விழும்படி வைத்தார்.

“டேய், அம்மை போட்டது எனக்குடா! என்னைப் பார்க்க வந்தவங்க குடுத்த பழத்தையெல்லாம் என் கட்டில்ல உக்காந்து தின்னவன்தான் நீ. உனக்கு வந்தது வேர்க்குரு.”

“அப்ப நெத்தியில இந்தத் தழும்பு?”

“மேசை முனையில முட்டிக்கிட்டே. நான்தான் தள்ளிவிட்டேன். எனக்கு வச்ச பழம்டா அது!”

அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவில் இருக்கும் எனக்கே கேட்டிருக்க வேண்டும். ஆனால் சிரித்து முடித்ததும் போனை எடுத்து மகளிடம், “நேரா மாமா வீட்டுக்குப் போயிடும்மா” என்று சொல்லிவிட்டு, பெயின்ட் அடித்த தொட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

குழந்தை எங்கள் வீட்டில் தங்கியது. அவள் அம்மா தினமும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அத்தான் வீட்டுக்கு எதிர்ப்புறம், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அவர் மூடிய ஜன்னலுக்குப் பின்னால், முகமெல்லாம் மருந்தைப் பூசிக்கொண்டு, தூரத்தில் இருப்பது தெரிகிற மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்பார். கை ஆட்டுவார், நாக்கை நீட்டுவார், கடையிலிருந்து வரவழைத்த மூக்குக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டுவார். குழந்தை ஒரு நாள் சிரித்துவிட்டது. அவர் இரண்டு உள்ளங்கையையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவரைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு நிறுத்திக்கொண்டேன். பாவம், மனிதர் எவ்வளவு ஆசையாய் இருந்தார்!

கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டி, இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொன்னது மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். அத்தான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, மடியை விரித்து உட்கார்ந்தார். குழந்தையைக் கையில் வாங்கினார். தலையணையில் பழகினபடியே கழுத்தைத் தாங்கிக்கொண்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனிதர் திருந்திவிட்டார் என்று நானும் நம்பினேன்.

மெதுவாகக் குனிந்தார். குழந்தையின் காதில் சொன்னார்: “பாப்பாவுக்குத் தெரியுமா? தாத்தாவுக்கு ரெண்டு தடவை வந்தாச்சு! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அப்படி வருமாம்.”

அண்ணன் சொன்ன வேர்க்குரு? அது அண்ணனுக்கு வயதாகிவிட்டதால் வந்த மறதியாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படித்துக்கொண்டே வந்தபோது உங்கள் மனது இடையில் ஒரு இடத்தில், ‘நல்ல வேளை, நமக்கு அப்போதே வந்தாச்சு’ என்று முணுமுணுத்ததே, அது எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்களா? உங்களுக்குத்தான் வந்தது என்று யார் சொன்னது? அம்மா சொன்னார்களா? உங்கள் அம்மாவுக்கு நீங்கள் ஒரே பிள்ளையா என்ன? போன் பண்ணி, எந்தப் பிள்ளைக்கு வந்தது, வந்தது என்ன என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வருகிறவரைக்கும், தயவுசெய்து, மடியில் இருக்கிற குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.