மிக்ஸி மேஸ்திரி

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே மிக்ஸி மேஸ்திரி எட்டிப் பார்க்காத அடுப்படி ஒன்றுகூடக் கிடையாது. எதிலும் அவர் சாப்பிட்டதில்லை.

மின்கம்பங்களில் ஃபைபர் கேபிள் கட்டும் கூட்டம் எங்களுடையது. லைனை நிறுத்தியாயிற்று என்று தாள் வந்தால்தான் ஏறுவோம். மேஸ்திரி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்.

"அக்கா, மிக்ஸியக் கொஞ்சம் போடுங்க."

"கரண்டு போயிருச்சேங்க."

"அதான் போடச் சொல்றேன்."

மிக்ஸி ஓடவில்லையென்றால் ஏறலாம். ஃபேனும் லைட்டும் இன்வர்ட்டரில் ஓடி ஏமாற்றும், மிக்ஸி பொய் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். குன்னத்தில் ஒரு வீட்டு மிக்ஸி ரிப்பேர். தெருக்கோடியிலிருந்து இன்னொன்றைச் சுமந்து வந்து செருகினார். ஓடவில்லை. இதுவும் ரிப்பேரா, கரண்டு இல்லையா என்று ஒன்றரை மணி நேரம் ஆராய்ச்சி நடந்தது.

லப்பைக்குடிக்காட்டில், ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமை, புதிதாக வந்த இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மேஸ்திரி, சாயங்காலத்துக்குள்ள கேபிள் ஏறலேன்னா நாளைக்கு நீங்க வர வேணாம்."

மேஸ்திரி நேராகக் கம்பத்தடி வீட்டுக்குப் போனார். மணி ஒன்று ஐந்து. மிக்ஸி ஊரே கேட்க உறுமியது.

நாங்கள் ஐந்து பேரும் கம்பத்தைவிட்டு நடுரோட்டுக்கு ஓடினோம். இன்ஜினியர் துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டார். லைன் நிறுத்தியபடியேதான் இருந்தது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"எம்மவன் துபாய்லேருந்து வந்தப்ப பெரிய இன்வர்ட்டரா மாட்டிட்டுப் போனான் தம்பி. மிக்ஸி என்ன, ஏசியே ஓடும்."

இன்ஜினியர் சிரித்தார். "கேட்டீங்களா? ஆள ஏத்துங்க."

"அது இன்வர்ட்டர் சொன்னது சார். லைன் இன்னும் சொல்லலியே."

"அப்ப நீங்க கிளம்புங்க. ஏய், நீங்க ஏறுங்கய்யா."

எங்களில் முருகேசனுக்கு இடுப்பு பெல்ட் திடீரென்று இறுக்கியது. செல்வத்துக்குத் தாகம். நான் குறிப்பேட்டில் மணி எழுதிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"போய்யா, அடுத்த வூட்டுலயாவது கேட்டுத் தொலை" என்றார் மேஸ்திரியிடம்.

அடுத்த வீட்டில் ஆள் இல்லை. அதற்கடுத்த வீட்டு அக்கா தொழுகையில் இருந்தார். மேஸ்திரி வாசலிலேயே காத்திருந்து, மிக்ஸியைப் போடச் சொல்லிப் பார்த்து, இரண்டு இருபதுக்கு வந்து, ஓடவில்லை, ஏறலாம் என்று எங்களிடம் தலையாட்டினார். ஒரு வருடமாக அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட அதுவரை ஏணியைத் தொடவில்லை.