இருபத்திரண்டு வீட்டு நாற்காலி

அரைகுறையாகக் கணக்குத் தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் ஊரில் கிடையாது. என் இருபத்து மூன்று வயதில் பினாங்குக்கு வந்த ஆபத்து நான்தான்.

ரப்பர் விலை விழுந்து பாதிப் பேருக்கு வேலை போயிருந்த காலம். கமிட்டி ஒன்று ஏழைகளுக்கு இலவச அரிசி கொடுக்கத் தீர்மானித்தது. யார் ஏழை, எதனால் ஏழை என்று கண்டுபிடிக்க, ஆபீஸில் குமாஸ்தாவாக, அங்கத்துப் பேச்சில் கிராணியாக, இருந்த என்னை அனுப்பினார் எங்கள் வெள்ளைக்காரத் துரை. புள்ளியியல் புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தவன் நான் (மீதியை எலி படித்துவிட்டது). பிள்ளைகள் எத்தனை, கள் உண்டா, எழுத்துத் தெரியுமா, வீட்டில் என்ன சாமான் என்று கட்டம் கட்டமாகத் தாள் போட்டேன். எந்தக் காரணம் எவ்வளவு வறுமையைக் கொண்டுவருகிறது என்று சூத்திரம் போட்டே சொல்லிவிடுவதாக நினைப்பு.

தண்ணீர்மலை போகிற வழியில் சாலைக் கூலிகளின் லயம், ஒட்டுவரிசையாக இருபத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார்கள். வேலையில்லாத வீட்டிலும் நாற்காலி, ஏழு பிள்ளை வீட்டிலும் நாற்காலி. அதுவும் எல்லா நாற்காலிக்கும் இடது கை உடைந்திருந்தது. சும்மா விடுவேனா? 'இம்மக்கள் இடப்பக்கம் சாய்ந்தே அமர்கிறார்கள்' என்று ஆராய்ச்சிக் குறிப்பு வேறு. கடைசியில், வீட்டுக்கு வீடு நாற்காலி வாங்க வசதியிருப்பதால் இங்கே வறுமை இல்லை என்று அடித்து எழுதினேன். லயத்துக்கு அரிசி கிடையாது என்றாகிவிட்டது.

அந்தச் சேதியைச் சொல்லவும் என்னையே அனுப்பினார்கள். முதல் வீட்டுச் செல்லாயி அக்கா, கல் சுமக்கிறவர், கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"லயத்துக்கே ஒரு நாற்காலிதான் தம்பி. நீங்க வெளிய நின்னு கூரையும் கெணறும் பாத்து எழுதுறப்ப, பின்வாசல் வழியா அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடுவோம். ஆபீஸ்லேருந்து வந்தவங்களைத் தரையில உக்கார வைக்கலாமா?"

உட்கார இடம் கொடுத்தவர்கள் உலையில் நான் மண்ணைப் போட்டிருந்தேன்.

துரையிடம் ஓடி உளறிக்கொட்டினேன். அவர் நம்பவில்லை, மறுநாள் தானே வந்துவிட்டார். துரையே வந்தால் விடுவார்களா? செல்லாயி அக்கா வீட்டில் அதே நாற்காலி. துரை எழுந்து கூரையைப் பார்க்க வெளியே போனதும், அதைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். நான் பாய்ந்து அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிங்க தம்பி, மானம் போகுது" என்று அக்கா கெஞ்சினார். நாற்காலியின் உடையாத வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துரை திரும்பி வந்து எதிரில் நின்றார். அப்போதும் நான் எழவில்லை. வெள்ளைக்காரர் நிற்க, கிராணி உட்கார்ந்திருந்ததை அந்த லயம் அதற்குமுன் பார்த்ததில்லை. துரை முறைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே கிழிந்த பாய். அதற்கடுத்த வீட்டில் அதுவும் இல்லை.

அந்த வாரமே லயத்துக்கு அரிசி வந்தது. மரியாதை தெரியாதவன் என்று என் வேலை போனது. பிறகு மார்க்கெட் தெருத் துணிக்கடை ஒன்றில் சேர்ந்தேன். அங்கே உட்காரவே விடமாட்டார்கள்.

இன்றைக்கும் நான் சாப்பிட்டு முடித்து, எழாமல் பத்திரிகையும் கையுமாக இருந்தால், பிள்ளைகள் எதிரிலேயே என் மனைவி சொல்வாள்: "போதும், எந்திரிங்க. அரிசி வந்தாச்சு."